சுழி பார்த்து வாங்குங்கள்: பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டரைப் பழக்கும் விதம்

எங்கள் கரிசல் பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் சுழி பார்ப்பார்கள். பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து நின்றாலும் நானும் அதையேதான் சொல்கிறேன். பல் என்பது பட்டன். ஒன்று விடாமல் அழுத்திப் பார்க்க வேண்டும். சுழி என்பது திரையில் வரும் சைபர். அந்தச் சைபரின் ஆறு கோடுகளில் ஒன்று மங்கியிருந்தாலும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அது உங்கள் காலை வாரிவிடும்.

நான் நில அளவைக்காரன், கோவில்பட்டி. சிவில் டிப்ளமோ படித்த காலத்தில் கையில் இருந்தது கிளார்க்ஸ் டேபிள். சைனுக்கு ஒரு பக்கம், லாகுக்கு ஒரு பக்கம், ஆன்டிலாகுக்கு ஒரு பக்கம் என்று புரட்டி முடிப்பதற்குள் பெருக்க வந்த எண் மறந்துபோகும். 1985-இல் மஸ்கட்டுக்கு சர்வே வேலைக்குப் போனேன். மூன்றாவது மாதச் சம்பளத்தில் ரூவி கடைத்தெருவில் ஒரு எச்பி 11சி வாங்கினேன். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கை வைத்ததற்கு அப்பா ஒரு ஏரோகிராம் முழுக்கத் திட்டி எழுதியிருந்தார். மடிப்பு ஓரம் வரை எழுத்து. அந்தக் கால்குலேட்டர் இப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதற்கு நான் இதுவரை மாற்றிய செல்களின் கணக்கை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சட்டைப்பை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தச் சாதியின் மூத்த பிள்ளை எச்பி 35, 1972-இல் வந்தது. கம்பெனியை நிறுவிய இருவரில் ஒருவரான பில் ஹியூலெட், தன் சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்று சொல்லித்தான் அதைச் செய்யவைத்தார். மொத்தம் 35 பட்டன், அதனால்தான் அந்தப் பெயர். விலை 395 டாலர். சைன், லாக் எல்லாம் ஒரு பட்டனில் வந்ததும் ஸ்லைடு ரூல் என்கிற, நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோலைச் செய்கிறவர்கள் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. நாலே வருஷம், 1976-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டிஐ 30-ஐ 24 டாலர் 95 சென்டுக்கு விற்றது. பொறியாளர் மட்டும் வைத்திருந்த சாமான் பள்ளிக்கூடப் பையன் கைக்கு வந்தது அப்போதுதான்.

எதை வாங்குவது

சிவப்பு எழுத்து மினுக்கும் எச்பி 35, டிஐ 30 எல்லாம் பார்க்க அழகு. முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். சிவப்பு விளக்கு பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும். எச்பி 35-க்குள் இருப்பது ரீசார்ஜ் ஆகிற நிக்கல் காட்மியம் செல். இத்தனை வருஷத்தில் அது கசிந்து உள்ளே இருக்கும் தகட்டைத் தின்றிருக்கும். யாராவது வேலை செய்கிற எச்பி 35 ஒன்றைக் காட்டினால் மட்டும் இதைச் செய்து பாருங்கள்: 2.02 என்று அடித்து, இயற்கை லாக் பட்டன், உடனே ஈ-யின் அடுக்கு பட்டன். 2.02 திரும்பி வர வேண்டும். வெறும் 2 வந்தால் அது ஆரம்பத்தில் வந்த குறையுள்ள சரக்கு. கம்பெனியே வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதி, அனுப்பினால் மாற்றித் தருகிறோம் என்றது. பலர் அனுப்பவில்லை. இன்றைக்குச் சேகரிக்கிறவர்கள் அந்தக் குறைக்குத்தான் கூடக் காசு கொடுக்கிறார்கள். சுழி சரியில்லாத மாட்டுக்குக் கூட விலை கேட்கிற சந்தை இது ஒன்றுதான்.

உழைக்கிற மாடு வேண்டுமென்றால் 1981, 82-இல் வந்த எச்பி படுக்கைவாட்டுக் குடும்பம். 10சி, 11சி, 12சி, 15சி, 16சி. எல்லாம் ஒரே உடம்பு, ஒரே அளவு. 12சி வட்டிக் கணக்குக்காரர்களுக்கு. அது இன்று வரை விற்பனையில் இருக்கிறது. 16சி கம்ப்யூட்டர்காரர்களுக்கு. அளவைக்காரனுக்கும் பொறியாளனுக்கும் 11சி அல்லது 15சி. 15சி-யை 1989-இல் நிறுத்தினார்கள். கேட்டவர்கள் விடாமல் கேட்டதால் 2011-இல் ஒரு முறை, 2023-இல் ஒரு முறை மறுபடி செய்தார்கள். புதிதாகக் கிடைத்தால் அதையே வாங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. காசே செலவழிக்காமல் ருசி பார்க்க வேண்டுமா? ஃப்ரீ42 என்று ஒரு செயலி போனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எச்பி 42எஸ் போலவே நடக்கும். பட்டன் அழுந்துகிற 'டிக்' மட்டும் இருக்காது. சொல்லப்போனால் அதற்குத்தான் பாதிக் காசு.

இல்லை, என் வீட்டு அலமாரியில் பழைய காசியோதான் கிடக்கிறது என்றால் அதுவும் நல்லதே. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பல்லும் சுழியும்

விற்கிறவர் 'ஆன் ஆகிறது, சார்' என்பார். ஆன் ஆவது ஒரு பெருமையே இல்லை. எச்பி படுக்கைக் குடும்பத்துக்குள் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. பத்தில் ஒன்பது வியாபாரிக்குத் தெரியாது.

முதலில் ஆஃப் செய்யுங்கள். ஆன் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பெருக்கல் பட்டனையும் அழுத்துங்கள். முதலில் ஆன் மேலிருந்து கையை எடுங்கள், பிறகு பெருக்கல் மேலிருந்து. கொஞ்ச நேரம் 'ரன்னிங்' என்று மினுக்கும். பொறுமையாக இருங்கள். பிறகு திரை முழுக்க எட்டு எட்டாக நிறையும், ஒவ்வொரு எட்டுக்குப் பின்னும் ஒரு காற்புள்ளி, முன்னால் ஒரு கழித்தல் குறி, அடியில் எல்லாக் குறிப்பெழுத்துகளும். ஒரு எட்டில் ஒரு கோடு குறைந்தாலும் பேரம் பேசுங்கள். 'எரர் 9' என்று வந்தால் பேரமே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

பெருக்கலுக்குப் பதில் வகுத்தல் பட்டனோடு இதையே செய்தால் பல் பார்க்கிற சோதனை. மேல் வரிசையின் இடது ஓரத்தில் தொடங்கி, வலப்பக்கமாக, வரிசை வரிசையாக ஒவ்வொரு பட்டனையும் அழுத்திக்கொண்டே வர வேண்டும். என்டர் பட்டன் இரண்டு வரிசை உயரம் இருப்பதால் அதை மூன்றாவது வரிசையில் ஒரு முறை, நான்காவது வரிசையில் ஒரு முறை என இரண்டு தடவை அழுத்த வேண்டும். இதை மறந்து நல்ல மாட்டைக் கழித்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் கடைசியில் அது தன் பெயரைச் சொல்லும்: 11சி என்றால் 11, 15சி என்றால் 15.

கழித்தல் பட்டனோடு மட்டும் விளையாடாதீர்கள். ஆன் கூடக் கழித்தல் என்றால் நினைவில் இருப்பது மொத்தமும் அழிந்துபோகும். விற்கிறவருடைய பழைய புரோகிராம் ஏதாவது உள்ளே இருந்தால் பாவம், அது ஒரு மனுஷனின் உழைப்பு.

அடுத்தது வயது. முதுகில் இருக்கும் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தோடு 60-ஐக் கூட்டுங்கள். செய்த வருஷம் வரும். அடுத்த இரண்டு இலக்கம் வாரம். பின்னால் வரும் எழுத்து நாடு: ஏ என்றால் அமெரிக்கா, எஸ் என்றால் சிங்கப்பூர், பி என்றால் பிரேசில். என்னுடையது 2417ஏ என்று தொடங்குகிறது. 1984, பதினேழாவது வாரம், அமெரிக்கா. வியாபாரி 'எண்பத்தொன்று மாடல், சார், ஒரிஜினல் ஃபர்ஸ்ட் பேட்ச்' என்று சொல்லும்போது முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.

கடைசியாக ஒன்று. கோணத்தை டிகிரியில் வைத்து, 9 என்று அடியுங்கள். சைன், காஸ், டேன், பிறகு தலைகீழ் டேன், தலைகீழ் காஸ், தலைகீழ் சைன். போன வழியே திரும்பி வருகிறோம், ஆகவே 9 வர வேண்டும். 11சி, 15சி இரண்டிலும் 9.000417403 வரும். இது கோளாறு இல்லை. பத்து இலக்கத்தில் கணக்குப் போடும்போது காஸ் 1-ஐ ஒட்டி வரும் இடத்தில் இலக்கங்கள் நசுங்கிவிடும். திரும்பி வரும்போது அந்த நசுங்கல் பெரிதாகத் தெரியும். இந்த எண் வந்தால் உள்ளே இருப்பது அசல் சில்லு என்று ஓரளவு மனம் ஆறும். இந்த இயந்திரங்கள் சைன் காணப் பெரிய பெருக்கல் எதுவும் செய்வதில்லை. ஜாக் வோல்டர் 1959-இல் வெளியிட்ட கார்டிக் என்ற முறையின் வழியில், கோணத்தைத் துண்டு துண்டாகத் திருப்பி, கூட்டலாலும் இடம் நகர்த்தலாலுமே விடையை நெருங்குகின்றன. தராசில் படிக்கல்லை ஒவ்வொன்றாக மாற்றி வைத்து முள்ளை நடுவுக்குக் கொண்டு வருகிற வேலை.

துடைப்பது

செல் கசிந்திருந்தால் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். பட்டன் செல்லும் நிக்கல் காட்மியமும் காரத்தன்மை உள்ளவை. ஆகவே காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பழைய காலத்துச் சாதாரணப் பென்சில் செல் வேறு. அது கக்குவது அமிலம். அதற்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர். இதை மாற்றிச் செய்து பூப்பை இன்னும் வளர்த்துவிடாதீர்கள். இரண்டுக்குமே கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு, ஒரு நாள் உலர்த்தல். பெயிண்ட் தின்னரைத் திரைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. நான் ஒரு முறை கொண்டுபோனேன். அந்தத் திரை இப்போது பனி விழுந்த கண்ணாடி.

காசியோவில் திரையின் சில கோடுகள் மட்டும் காணாமல் போனால் பெரும்பாலும் சில்லு சாகவில்லை. திரைக்கும் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் கறுப்பு வெள்ளை ரப்பர் பட்டையில் அழுக்கு சேர்ந்திருக்கும். கழற்றி, ஆல்கஹாலால் துடைத்து, திருகைக் கொஞ்சம் இறுக்கமாக முடுக்கினால் பாதிப் பிணம் எழுந்து உட்கார்ந்துவிடும். பட்டன் சரியாக விழாவிட்டால் அடியில் இருக்கும் ரப்பரின் கறுப்புப் புள்ளியைத் துடைக்க வேண்டும். எச்பியைக் கழற்றாதீர்கள். திருகுகள் ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன, அது வரை சரி. உள்ளே பட்டன் தகட்டைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். திறந்தவன் மூட மாட்டான்.

படுக்கைக் குடும்பத்துக்கு மூன்று எல்ஆர்44 செல். கொஞ்சம் கூடக் கொடுத்து எஸ்ஆர்44 என்ற வெள்ளி ஆக்சைடு செல் போட்டால் அதிக நாள் வரும், கசிவும் குறைவு. திரையின் இடது ஓரத்தில் நட்சத்திரக் குறி மினுக்கினால் செல் தீரப் போகிறது. ஆஃப் செய்துவிட்டுச் சட்டென்று மாற்றுங்கள். மாற்றி முடிக்கும் வரை ஆன் பட்டனைத் தொடாதீர்கள், நினைவு போகாமல் நிற்கும்.

பழக்குவது

என் அண்ணன் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. போன பொங்கலுக்கு வந்தவள் என் 11சி-யை எடுத்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுல ஈக்குவல் டு எங்க?" என்றாள்.

"கிடையாது."

"உடஞ்சு போச்சா?"

"வைக்கவே இல்ல, தாயி."

அவள் என்னை நம்பவில்லை. பட்டன்களை இரண்டு முறை தடவிப் பார்த்தாள். ஆர்பிஎன், அதாவது ரிவர்ஸ் போலிஷ் நொட்டேஷன் என்கிற முறை இது. யான் லூக்காசியேவிச் என்ற போலந்து தர்க்கவியலாளர் 1920-களில் தர்க்கக் குறியை எழுத்துகளுக்கு முன்னால் எழுதினார். கணக்குக் குறியை எண்களுக்குப் பின்னால் தள்ளியது இது. ஊரெல்லாம் இதைக் கடினம் என்கிறது. இங்கிலீஷ்காரனுக்குக் கடினமாக இருக்கலாம், தமிழனுக்கு என்ன கடினம்? "மூன்றையும் நான்கையும் கூட்டு" என்கிறோம். எண் முதலில், எண் அடுத்து, செய்ய வேண்டியது கடைசியில். 3, என்டர், 4, கூட்டல். நாம் பேசுகிற வரிசையிலேயே விரல் போகிறது. பள்ளிக்கூடத்தில் நடுவில் குறி போடப் பழகியதால்தான் குழப்பம்.

(3 + 4) × (5 + 6) கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் நான்கையும் கூட்டு: 3, என்டர், 4, கூட்டல். திரையில் 7. ஐந்தையும் ஆறையும் கூட்டு: 5, என்டர், 6, கூட்டல். திரையில் 11. இரண்டையும் பெருக்கு: பெருக்கல். 77. அடைப்புக்குறி போட்டு அடித்தால் பன்னிரண்டு அழுத்தல், இதில் ஒன்பது. மிச்சமான மூன்று அழுத்தலுக்காக நான் இதைச் சொல்லவில்லை. போகிற வழியில் 7-ஐயும் 11-ஐயும் பார்த்தீர்களே, அதற்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு இடைவிடையும் கண் முன்னால் வந்து நின்று தலையைக் காட்டிவிட்டுத்தான் போகும்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள நாலடுக்கு டிபன் கேரியர் போதும். அடித்தட்டுதான் திரையில் தெரிவது. புதிய எண் வரும்போது எல்லாம் ஒரு தட்டு மேலே ஏறும், உச்சியில் இருந்தது வெளியே போய்விடும். கூட்டல் அழுத்தினால் கீழ் இரண்டு தட்டும் ஒன்றாகக் கலந்து அடித்தட்டில் விழும், மேலே இருப்பவை ஒரு படி இறங்கும். விசேஷம் உச்சித் தட்டில்தான். அதிலிருந்து எத்தனை முறை இறக்கினாலும் அதில் இருந்தது அப்படியே இருக்கும். அமுதசுரபி.

இந்த அமுதசுரபியை வைத்து நான் தினமும் செய்கிற வேலை ஒன்று. ஒரு செண்ட் 435.6 சதுர அடி. 435.6 அடித்து மூன்று முறை என்டர். நாலு தட்டிலும் அது நிறைந்துவிட்டது. இப்போது 5, பெருக்கல்: 2178. அழிப்பு அம்புக்குறியை ஒரு முறை அழுத்தி, 12.5, பெருக்கல்: 5445. இப்படியே நாள் முழுக்கச் செண்டை அடியாக மாற்றலாம், 435.6-ஐ மறுபடி தொட வேண்டாம். பத்திர ஆபீஸ் வாசலில் நின்று இதைச் செய்யும்போது சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள்.

ஒரு முழு வேலை

வாங்கிய முதல் வாரத்தில் ஒரே ஒரு நிஜ வேலைக்கு அதைப் பூட்டுங்கள். என் தொழிலில் அது முக்கோணப் பரப்பு. புல வரைபடத்தில் எந்தக் கோணல் நிலத்தையும் முக்கோணங்களாக வெட்டிவிடலாம். மூன்று பக்கமும் நாடாவில் கிடைத்தால் பரப்பு கிடைத்த மாதிரி. பக்கம் 13, 14, 15 மீட்டர் என்று வையுங்கள்.

13, என்டர், 14, கூட்டல், 15, கூட்டல், 2, வகுத்தல். திரையில் 21, இது பாதிச் சுற்றளவு. அதை சைபர் எண் அறையில் சேமியுங்கள். எண் திரையிலேயே நிற்கிறது, 13, கழித்தல்: 8. அறையிலிருந்து 21-ஐ அழைத்து 14, கழித்தல்: 7. பெருக்கல்: 56. மறுபடி அழைத்து 15, கழித்தல்: 6. பெருக்கல்: 336. மறுபடி அழைத்துப் பெருக்கல்: 7056. வர்க்கமூலம்: 84 சதுர மீட்டர்.

8, 7, 6 என்ற மூன்றில் ஒன்று கழித்தல் குறியோடு வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அப்படி ஒரு முக்கோணம் உலகத்தில் கிடையாது; நாடா பிடித்தவர் ஏதோ தப்பாகக் கூவியிருக்கிறார். போன் செயலியில் மூன்று பக்கத்தையும் கொடுத்தால் அது 'பிழை' என்று மட்டும் சொல்லும், அல்லது அதுவும் சொல்லாது. எந்தப் பக்கத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்வது இந்த இடைவிடைதான். எந்தப் பக்கத்தைக் கழிக்கும்போது குறி மாறியதோ, அதன் ஆளைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொல்வேன்.

பத்து முறை கையால் செய்த பிறகு புரோகிராமாக எழுதிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். பி-ஆர் பட்டன் அழுத்தினால் திரையில் 000 என்று வரும். முதல் வரியில் ஏ என்று பெயர் வைத்தால் 42,21,11 என்று தெரியும். ரகசிய மொழி இல்லை: நான்காவது வரிசை இரண்டாவது பட்டன், இரண்டாவது வரிசை முதல் பட்டன், முதல் வரிசை முதல் பட்டன். மூன்று பக்கத்தையும் 3, 2, 1 என்ற அறைகளில் இறக்கிவைத்துவிட்டு மேலே சொன்ன வரிசையை அப்படியே எழுதினால் என் கணக்குக்கு 27 வரி. பிறகு 13, என்டர், 14, என்டர், 15, ஏ. 84.

அளவைக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. மற்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். டிராவர்ஸ் கணக்கு. பேரிங் 36 டிகிரி 52 நிமிடம் 12 விநாடி, தூரம் 50 மீட்டர். 36.5212 என்று அடித்து, தசம டிகிரியாக மாற்றும் பட்டன்: 36.87. பிறகு 50, செவ்வக ஆயமாக மாற்றும் பட்டன்: 40.00, இது வடக்கு. எக்ஸ்-ஒய் மாற்றும் பட்டன்: 30.00, இது கிழக்கு. மறுபடி மாற்றி, சிக்மா கூட்டல் பட்டனை அழுத்தினால் இரண்டும் தனித்தனியாகச் சேர்ந்துகொண்டே போகும். எல்லாக் கோடும் முடிந்து சுற்று மூடியதும் ரீகால், சிக்மா கூட்டல் என்று அழுத்துங்கள். இரண்டும் சைபரை ஒட்டி வந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடலாம். தொடங்கும் முன் சிக்மாவைத் துடைக்க மறக்க வேண்டாம். 11சி-யில் சிக்மா பயன்படுத்துவது சைபர் முதல் 5 வரையான அறைகளை. மேலே சொன்ன முக்கோணப் புரோகிராமும் அங்கேதான் குடியிருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒன்றின் சோற்றை மற்றது தின்றுவிடும்.

கோணத்தின் அளவு

எந்தக் கால்குலேட்டரை யாரிடமிருந்து கையில் வாங்கினாலும் முதல் வேலை: 30-க்கு சைன் பாருங்கள். 0.5 என்றால் டிகிரி. 0.4540 என்றால் அது கிரேடில் இருக்கிறது, அதாவது முழுச் சுற்றுக்கு 400. கழித்தல் 0.9880 என்றால் ரேடியன்.

இதை நான் கற்றுக்கொண்டது 1987-இல், ஓமானில் வாடி என்று சொல்லும் ஒரு வறண்ட காட்டாற்றின் கரையில். சாலை வளைவுக்கு முளை அடிக்க வேண்டும். ஆரம் 200 மீட்டர், திருப்பக் கோணம் 60 டிகிரி. 30-க்கு டேன், பெருக்கல் 200. முதல் நாள் இரவு இன்னொருவர் 400 பிரிவு உள்ள ஐரோப்பியக் கருவிக்காக என் 11சி-யை இரவல் வாங்கியிருந்தார். 115.47 வர வேண்டிய இடத்தில் 101.91 வந்தது. திரையின் அடியில் 'கிரேட்' என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் பார்க்கவில்லை. 13 மீட்டர் 56 சென்டி உள்ளே தள்ளி முளை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, சங்கிலி பிடித்துக்கொண்டிருந்த பலூச்சிக் கிழவர் தலையை ஆட்டினார். கண்ணாலேயே வளைவு இங்கே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் வாங்கியிருந்த டேன் 0.5095, 30 டிகிரிக்கு 0.577 என்று கிளார்க்ஸ் டேபிள் காலத்திலேயே மனப்பாடம். திரையில் வந்த இடைவிடையை நான் பார்க்காமல் கடந்துபோனேன். அன்றிலிருந்து இரவல் கொடுப்பதில்லை.

வீட்டில் இருக்கும் காசியோ

எண்பதுகளின் காசியோவில் 30 அடித்துவிட்டு சைன் அழுத்த வேண்டும். பிறகு வந்த எம்எஸ் வரிசையில் சைன், 30, சமம். அப்பாவின் காசியோவை எடுத்து 'வேலை செய்யவில்லை' என்று தூக்கிப்போடுகிறவர்கள் பலர் இந்த வரிசை மாறியது தெரியாதவர்கள்.

எஃப்எக்ஸ்-991எம்எஸ் இருந்தால் மேலே சொன்ன இரண்டு வேலையும் அதிலும் நடக்கும். √(D(D−A)(D−B)(D−C)) என்று எழுத்துப் பட்டன்களால் சூத்திரத்தை எழுதிவிட்டு கால்க் பட்டனை அழுத்துங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன மதிப்பு என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். D என்பது பாதிச் சுற்றளவு, அதை மட்டும் முதலில் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். டிராவர்ஸுக்கு ரெக் என்று இருக்கிறது: தூரம், காற்புள்ளி, கோணம். வடக்கு திரையில் வரும். கிழக்குக்கு ஆர்சிஎல் அழுத்தி எஃப். கோணத்தை டிகிரி-நிமிடப் பட்டனாலேயே அடிக்கலாம். இடைவிடை வேண்டுமென்றால் கணக்கை ஒரே மூச்சில் எழுதாமல் துண்டு துண்டாகப் போட்டு, 'ஆன்ஸ்' வைத்துக் கோத்துக்கொண்டு போங்கள். சோம்பல் வரும். வரட்டும், போடுங்கள். இதில் சூரிய ஒளித் தகடு இருக்கிறதே என்று எல்ஆர்44 செல்லை மறந்துவிட வேண்டாம். வெளிச்சத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே கசிந்துகொண்டிருக்கும்.

எதுவானாலும் செல் மாற்றிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் செருகிவையுங்கள். ஆறு மாதம் தொடப் போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள், புரோகிராம் போனால் போகிறது. அதைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பீர்கள்தானே. என் 11சி-யின் உறைக்குள் இருக்கும் தாளில் தேதிகள் என் கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. அடியில் அண்ணன் மகள் பொங்கலன்று பென்சிலில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "3 என்டர் 4 +". அவளுக்கு ஒரு 15சி தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் வந்த ஒன்றில் நான்காவது எட்டுக்கு நடுக்கோடு இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.